மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு: இரண்டு கோடைக்குப் பிறகு

பெரம்பூரில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. தலைக்கு மேல் மொட்டைமாடி, அதற்கு மேல் சூரியன், நடுவில் வேறு யாரும் இல்லை. இருபத்தேழு வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கத்திரி வெயிலும் வைகாசி முகூர்த்தமும் ஒன்றாகத்தான் வரும். அந்த ஒரு மாதம் இரவு பதினொன்று வரை மெஷின் ஓடினால்தான் சொன்ன தேதிக்குத் துணி கொடுக்க முடியும். பட்டில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் திட்டு நின்றுவிடும். அதற்குப் பயந்து கழுத்தில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு என்று உட்கார்ந்து தைத்த வருடங்கள் அவை. ஃபேன் போட்டால் கூரையில் இருக்கிற சூட்டையெல்லாம் வாரித் தலையில் கொட்டும். ஏசி இருப்பது படுக்கையறையில். அங்கே மெஷின் போட இடமில்லை.

2024 ஏப்ரலில் மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடித்தோம். பெயின்ட் கடையில் 'கூல் ரூஃப்' என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். இரண்டு கோடையும் ஒரு புயல் மழையும் பார்த்தாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அடிக்கலாமா என்று படியேறி வந்து கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள். கடைக்காரர் எடுத்துவைத்த மூன்று வாளியின் முதுகிலும் ஏறக்குறைய ஒரே சங்கதிதான் எழுதியிருந்தது. வாளியை விட அடிக்கிற கையும், அப்புறம் வருடா வருடம் கழுவுகிற கையும்தான் முக்கியம் என்பது என் அனுபவம்.

மேல்மாடியில் குடியிருக்காதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. எங்களுக்கு மத்தியானம் கூடப் பரவாயில்லை, ராத்திரிதான் கொடுமை. கான்கிரீட் தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேல் சிவப்புத் தட்டோடு, எல்லாம் சேர்ந்து முக்கால் அடி கனம். பகல் முழுக்கக் குடித்த வெயில் அதற்குள் மெல்ல மெல்ல இறங்கி வீட்டுக்குள் வந்து சேர இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். தெருவில் காற்று வீச ஆரம்பித்திருக்கும், கீழ்வீட்டுக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், எங்கள் சீலிங் அப்போதுதான் தோசைக்கல் மாதிரி சூடேறும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரி மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சாக்கை நனைத்து விரித்து, கடைசியில் கைக்குழந்தையோடு அங்கேயே படுத்துவிட்டோம். ஊற்றின தண்ணீர் பத்து நிமிடத்தில் காய்ந்துபோனது.

அந்தக் கைக்குழந்தைதான் இப்போது எனக்கு இந்தக் கணக்கையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் சூட்டைக் கொட்டுமாம். என் இஸ்திரிப் பெட்டியும் 1000 வாட்தான். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிற மாடி 640 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 60 சதுர மீட்டர். அறுபது இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்து மாடியில் வரிசையாகக் கவிழ்த்துவைத்தது போல என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. தட்டோடு அதில் பெரும்பங்கை விழுங்கிக்கொள்ளும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு ஐந்தில் நாலு பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே போன மிச்சச் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் வானத்தைப் பார்த்து விட்டுவிடும். இவை இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக வாளிமேல் எஸ்.ஆர்.ஐ. என்று போட்டிருக்கிறார்கள். கன்னங்கரேல் என்று ஒரு கறுப்புக்கு 0, நல்ல வெள்ளைக்கு 100. நாங்கள் வாங்கியதில் 100-ஐத் தாண்டி ஓர் எண் இருந்தது. அது புது வெள்ளைக்கான எண் என்பதை நினைவில் வையுங்கள். புதுப் பள்ளிக்கூடச் சட்டையும் முதல் நாள் வெள்ளையாகத்தான் இருக்கும்.

மாடி எங்களுடையது இல்லை, எட்டு வீட்டுக்கும் பொது. அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டோம். முதல் மாடி சார் ரயில்பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் ஒத்துக்கொள்வார். "உங்க வீடு குளிர்றதுக்கு நாங்க ஏம்மா காசு போடணும்?" என்றார். நியாயம்தான். செலவு எங்களுடையது, அனுமதி மட்டும் கொடுங்கள் என்றேன். "இதெல்லாம் விளம்பரம்மா" என்று அடுத்த கேள்வி. மகள் போனைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அகமதாபாத்தில் 2010 வெயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போன பிறகு, 2013-இல் வெயிலுக்கென்றே நகரம் ஒரு திட்டம் போட்டது, பிற்பாடு ஏழைகள் இருக்கிற பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். தெலங்கானாவில் 2023-இல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்து, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை இப்படி மாற்ற வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நியூயார்க்கில் 2009-இலிருந்தே அடிக்கிறார்கள். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அகமதாபாத்ல வறண்ட வெயில். இங்க புழுக்கம்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கு எதிர்வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். உங்கள் பக்கத்துக்கும் சேர்த்து அடித்துவிடலாமா என்று போனில் கேட்டதற்கு, ஊருக்கு வந்ததும் பார்க்கலாம் என்றார். அவர் வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருக்கிறது. இதனால் ஒரு நன்மை கிடைத்தது. பாதி மாடி வெள்ளை, பாதி மாடி பழைய சிவப்பு. ஒரே வெயிலில், ஒரே நாளில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இனி அடித்த கதை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

வாளியில் லிட்டருக்கு 40 சதுர அடி, இரண்டு கோட் வரும் என்று போட்டிருந்தது. எங்கள் பழைய தட்டோட்டில் 28 சதுர அடிதான் ஓடியது. ஓடும் சந்துகளும் தண்ணீரை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொண்டன. 20 லிட்டர் வாளி போதாமல் 4 லிட்டர் டப்பா ஒன்று மறுபடி வாங்கினோம். வாளி 5,600, டப்பா 1,350, பிரைமர் 900, விரிசல் அடைக்கிற பசை 650, கம்பி பிரஷ் ரோலர் வகையறா 300, இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் கூலி 4,000. ஆக 12,800 ரூபாய், சதுர அடிக்கு 20 ரூபாய் கணக்கு. கடைக்காரர் வாயால் சொன்னதைவிட மூவாயிரம் கூட.

முதல் நாள் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதிலேயே போனது, போக வேண்டும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கழுவி, ஒரு நாள் காயவிட்டு, விரிசலை அடைத்து, அப்புறம் பிரைமர். வந்த பெயின்டர் தம்பிக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. "மேலயே அடிச்சா பாசி செத்துடும்க்கா" என்றார். விடவில்லை நான். இரண்டாம் நாள் கீழே இறங்கிச் சோறு வடித்துவிட்டு மேலே போனால், வாளிக்குள் மக்கால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு மக் இல்லை, நாலு. கஞ்சி எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? ரோலரைத் தூக்கிப் பார்த்தேன், மோர் மாதிரி வடிந்தது. "வெயிலுக்குக் கெட்டியாவுதுக்கா, ஊத்தித்தான் அடிக்கணும்" என்றார். கெட்டியாகிறது என்றால் வெயிலில் அடிக்காதே என்று அர்த்தம். வாளியிலேயே போட்டிருக்கிறது, தளம் சூடாக இருக்கும்போது அடிக்கக் கூடாது என்று. காலை ஆறிலிருந்து ஒன்பது, மறுபடி சாயங்காலம் ஐந்துக்கு மேல், அவ்வளவுதான் நேரம். அதற்குள் தெற்கு ஓரத்தில் ஒரு துண்டு பதினொரு மணி வெயிலில் அடித்து முடித்திருந்தார். அந்தத் துண்டு மட்டும் அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஐப்பசி மழையில் உரிந்து வந்தது. மற்ற இடத்தில் இன்றுவரை நகத்தால் கீறினாலும் வரவில்லை. ஒரே வாளி, ஒரே ஆள், இரண்டு நேரம்.

சரி, எவ்வளவு குறைந்தது?

கொரோனா சமயத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி வீட்டில் இருந்தது. அதைத் தட்டோட்டில் காட்டினால் 'ஹை' என்று போட்டுவிட்டு அணைந்துவிடும். மனுசக் காய்ச்சலுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. மகள் தன் கல்லூரித் தோழியிடமிருந்து பட்டறையில் சூடு பார்க்க வைத்திருக்கிற துப்பாக்கியை இரவல் வாங்கிவந்தாள். மே 12, பகல் இரண்டு மணி, நிழலில் 39 டிகிரி. எதிர்வீட்டுப் பக்கத்துச் சிவப்பு ஓடு 61. எங்கள் பக்கத்து வெள்ளை 43. இடையில் ஓர் அடி கூட இல்லை, பதினெட்டு டிகிரி வித்தியாசம். எண்ணெல்லாம் கூட வேண்டாம், செருப்பைக் கழற்றினால் போதும். முன்பெல்லாம் துணி எடுக்க மாடிக்குப் போனால் கோழி மாதிரி தத்தித் தத்தி ஓடுவேன். இப்போது வெள்ளையில் வெறுங்காலோடு நின்று துணி மடிக்கிறேன்.

வீட்டுக்குள் வித்தியாசம் அவ்வளவு இல்லை. அதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அன்று இரவு ஒன்பது மணிக்கு எதிர்வீட்டைத் திறந்து சீலிங்கில் காட்டினோம், 38.9. எங்கள் சீலிங் 34.8. நாலு டிகிரி. பூட்டிக் கிடக்கிற வீடு கூடுதலாகவே சூடாக இருக்கும், அதையும் கழித்துப் பார்த்தால் மூன்று, மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் காற்றின் சூட்டில் இரண்டு டிகிரி குறைந்திருக்கலாம். ஆனால் நாலு டிகிரி என்பது காகிதத்தில் பார்க்கிற மாதிரி இல்லை. 38.9 டிகிரி சீலிங் என்றால் அது என் உடம்பைவிடச் சூடு, அதன் அடியில் உட்கார்ந்தால் உச்சந்தலையில் யாரோ கை வைத்திருப்பது போல இருக்கும். 34.8 என்றால் அந்தக் கை எடுக்கப்பட்டுவிட்டது. ஃபேன் காற்று காற்றாக வந்தது. அந்த வைகாசியில் மடியில் துண்டு போடாமல் தைத்தேன்.

இப்போது முதல் மாடி சாரின் புழுக்கம். பூச்சு வெயிலைத்தான் தடுக்கும், காற்றில் இருக்கிற ஈரத்தை அது என்ன செய்யும்? காற்றே அசையாத, துணி உலராத ராத்திரிகளில் எங்கள் வீடும் புழுங்கத்தான் செய்கிறது. இன்னொன்று, எங்கள் மேற்குச் சுவர். மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வெயில் அதில்தான் அடிக்கிறது, மாடியை எவ்வளவு வெளுத்தாலும் சுவர் சுவர்தான். கூரைச் சூடு போன பிறகுதான் சுவர்ச் சூடு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. பெரிய வலி போனால் சின்ன வலி தெரியும் அல்லவா, அப்படி. அதற்கு ஒரு மூங்கில் தட்டி கட்டித் தொங்கவிட்டோம், அது தனிக் கதை.

சாரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளை எதற்கு, சில்வர் பெயின்ட் பளபளவென்று இருக்கும், வெயிலை அப்படியே திருப்பிவிடும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வீட்டில் கேட்டுக்கு அடித்தது போக மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து படிக்கட்டு ஓரம் இரண்டடிக்கு இரண்டடி அடித்தும் விட்டார். துப்பாக்கி காட்டியபோது அதில் எங்கள் வெள்ளையைவிடக் குறைவாக, 40 என்று வந்தது. சாருக்கு ஒரே சந்தோஷம். நான் கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. வெள்ளையில் வைத்தேன், சுடவில்லை. ஒன்றும் புரியவில்லை. மகள்தான் விளக்கினாள். அந்தத் துப்பாக்கி தொட்டுப் பார்ப்பதில்லை, ஒரு பொருள் வெளியே விடுகிற சூட்டைப் பார்த்து எண் சொல்லுகிறது. உலோகப் பளபளப்பு வெயிலைத் திருப்புவது உண்மைதான், ஆனால் உள்ளே போன சூட்டை லேசில் வெளியே விடாது. விடாததால் துப்பாக்கிக்குக் குறைவாகத் தெரிகிறது, விடாததால்தான் கைக்குச் சுடுகிறது. வெயிலில் வைத்த எவர்சில்வர் குடத்தைத் தொட்டவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். சார் அன்றிலிருந்து பூச்சைப் பற்றி எதிர்த்துப் பேசவில்லை, ஆதரித்தும் பேசவில்லை.

சுண்ணாம்புக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தோம். இதை எழுதுவதே அதற்காகத்தான் என்று கூடச் சொல்லலாம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி 150 சதுர அடி பொது இடம், அதற்கு வாளிப் பூச்சு வாங்க எங்களுக்கு மனசு வரவில்லை. என் பாட்டி புரசைவாக்கத்தில் ஒரு பழைய வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருந்தாள். செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பு போட்டுக் கட்டிய மெட்ராஸ் தளம் அது. பங்குனி பிறந்தால் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். பொங்கலுக்குச் சுவருக்கு, பங்குனிக்கு மாடிக்கு. யாரும் அதற்குப் பச்சை வாழ்க்கை, சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்ததில்லை. கல் சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் போட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றி நீற்றினோம். கொதிக்கும்போது கிட்டே போகக் கூடாது, கண்ணில் தெறித்தால் போச்சு. ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கஞ்சி கொஞ்சம் சேர்த்து, தென்னை மட்டை பிரஷ்ஷால் நானும் வீட்டுக்காரருமே அடித்தோம். மொத்தச் செலவு 400 ரூபாய்.

மே 12 அன்று சுண்ணாம்பு காட்டிய எண் 45. வாளிப் பூச்சு 43. படித்துப் பாருங்கள்: இருபது ரூபாய் போட்ட சதுர அடிக்கும் மூன்று ரூபாய் கூட ஆகாத சதுர அடிக்கும் இரண்டே டிகிரி வித்தியாசம்.

மழை வந்ததும் கணக்கு மாறியது. ஐப்பசியிலேயே சுண்ணாம்பு திட்டுத் திட்டாகக் கரைய ஆரம்பித்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழைக்குப் பிறகு தொட்டியைச் சுற்றி ஓடும் பாசியும்தான் மிச்சம். வாளிப் பூச்சு அப்படியே நின்றது, பதினொரு மணி வெயிலில் அடித்த அந்தத் தெற்குத் துண்டைத் தவிர. நீர்க்கசிவும் நின்றது போலத் தெரிகிறது. ஆனால் விரிசலை அடைத்ததால் நின்றதா பூச்சால் நின்றதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒழுகுகிற மாடிக்கு இதை மருந்தாக நினைத்து வாங்காதீர்கள்; முதலில் ஒழுக்கைப் பாருங்கள்.

குறைகள் என்று வந்தால், பக்கத்துக் கட்டடத்து மூன்றாவது மாடியில் இருக்கிற அம்மாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடித்த மூன்றாம் நாளே கூப்பிட்டார். காலை எட்டு மணிக்கு எங்கள் மாடியிலிருந்து கிளம்புகிற வெளிச்சம் அவர்கள் சமையலறைக்குள் நேராகப் போய் கண்ணைக் கூசுகிறதாம். போய் நின்று பார்த்தேன், பொய்யில்லை. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் அடித்ததுதான் அதிகம் கூசியது. அதன்மேல் வெளிர் சந்தன நிறம் அடித்தோம், பாதி குறைந்தது. மீதிக்கு அவர்கள் ஜன்னலுக்கு நானே ஒரு திரை தைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. 12,800-இல் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாடி மாமிக்கு வேறு குறை. வடாம் காய ஒரு நாள் கூட ஆகிறதாம். முன்பு மேலே வெயிலும் கீழே ஓட்டுச் சூடும் சேர்ந்து இரண்டு நாளில் சருகாகும். இப்போது கீழ்ச்சூடு இல்லை. யோசித்துப் பார்த்தால் பூச்சு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஆனால் மாமியிடம் அப்படிச் சொல்ல முடியுமா? மாமி இப்போது எதிர்வீட்டுச் சிவப்புப் பக்கத்தில் வடாம் போடுகிறார். அந்தப் பாதிக்கும் வெள்ளையடித்தால் எங்கே போவேன் என்று இப்போதே கேட்கிறார்.

மழை பெய்தால் வழுக்கும். இது விளையாட்டில்லை. வீட்டுக்காரர் கார்த்திகை விளக்கு வைக்கப் போய் ஒரு தடவை சறுக்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நடக்கிற வழியில் மட்டும் கடைசிக் கோட்டின்மேல் சலித்த மணல் தூவிக் காயவிடுங்கள் என்று பிறகு ஒரு மேஸ்திரி சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த பூச்சைக் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கும் அடித்தேன். மத்தியானம் குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் வருகிறதே, அதற்காக. பதினைந்து நாளில் தோல் உரிகிற மாதிரி மொத்தமும் உரிந்து, செதில் செதிலாகப் பறந்து கீழே காயப்போட்டிருந்த எல்லோர் துணியிலும் ஒட்டியது. அந்தப் பிளாஸ்டிக்கில் எதுவும் ஒட்டாதாம். இப்போது தொட்டிக்குச் சாக்கில் ஒரு சட்டை தைத்து மாட்டியிருக்கிறேன். அளவெடுத்துத் தைத்தது, நன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது கோடைக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் மேலே போய்ப் பார்த்தால் வெள்ளை, வெள்ளையாக இல்லை. தூசி, வண்டிப் புகைக் கரி, காக்கை எச்சம், மழைநீர் தேங்கிய இடத்தில் பச்சை. துப்பாக்கியில் 49. ஒரே வருடத்தில் ஆறு டிகிரி. சாக்குப் பையில் இருந்த பழைய வாளியைத் தேடி எடுத்துப் படித்தோம். எத்தனை வருட உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, வருடா வருடம் கழுவ வேண்டும் என்பது எறும்பு எழுத்தில். அமெரிக்காவில் இந்தப் பூச்சுகளுக்கு எண் கொடுக்கிற ஓர் அமைப்பு, மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பிறகு எவ்வளவு திருப்புகிறது என்பதையும் அளந்து வெளியிடுகிறது. இங்கே கடையில் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டேன், கடைக்காரர் என்னைப் புதிதாகப் பார்த்தார். நீங்களும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சேரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் சோப்பு ஆயிலும் தென்னந்துடைப்பமும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஏறினோம். ஒன்பதரைக்கு முடிந்தது. ஐந்து வாளித் தண்ணீரில் முடித்துவிட நினைத்தோம், இருபது வாளி ஆனது. பெரிய செலவு இல்லை என்றாலும், கோடையில் இருபது வாளி என்பது சென்னையில் யோசிக்க வேண்டிய விஷயம். அடுத்த வருடம் கழுவலைத் தை மாதத்தில், தொட்டி நிறைந்திருக்கும்போதே வைத்துக்கொள்ளப் போகிறேன். கழுவிய பிறகு அதே மே மாத வெயிலில் 45. போன வருடத்து 43-க்கு வரவில்லை, ஆனால் பக்கத்துச் சிவப்பு இன்னும் 60-இலேயே நிற்கிறது.

மின்கட்டணம் குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 கோடையில் இரண்டு மாதக் கணக்கு 560 யூனிட், 2024-இல் 485. 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதம் ஏறிவிடும் என்பதால் அந்த 75 யூனிட் எங்களுக்குப் பெரியதுதான். ஆனால் மகள் அந்த ஜூனில் ஒரு மாதம் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள், ஏசியை அதிகம் போடுகிறவள் அவள்தான். எனவே எவ்வளவு பூச்சு, எவ்வளவு மகள் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பூச்சுக்காரர்கள் காட்டுகிற சதவீதக் கணக்கை எல்லாம் இந்த மாதிரிச் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

பசுமைக் கட்டடம் என்றால் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி, லீட் என்கிற பசுமைத் தரச்சான்றில் தங்கம் வாங்கிய கட்டடங்களைத்தான் காட்டுகிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அது சரி. நகரத்தில் பெரும்பாலோர் இருப்பது எங்களைப் போல ஏற்கெனவே கட்டி முப்பது வருடம் ஆன கட்டடத்தில், எட்டு பேருக்குப் பொதுவான மாடிக்குக் கீழே. எங்களால் செய்ய முடிந்தது இதுதான்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். அரை நட்சத்திரத்தை வாளியில் போட்டிருந்த 40 சதுர அடிக்காகக் குறைத்தேன், ஒன்றை எறும்பு எழுத்துக்காக. மேல்மாடியில் குடியிருந்து, பகலிலும் ராத்திரியிலும் வீட்டிலேயே வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் காசு வீணாகாது. வாடகை வீடு என்றால் வாளிப் பூச்சு வேண்டாம், பங்குனியில் 400 ரூபாய்க்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடைக்கு அது தாராளமாகப் போதும், மழைக்கு அதற்கு வேலையும் இல்லை. முதல் மாடி, இரண்டாவது மாடிக்காரர்களுக்குப் பூச்சால் சல்லிக்காசு பிரயோசனம் கிடையாது, சார் சொன்னது சரி.

எதிர்வீட்டுக்காரர் ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தார். வந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போய்ப் படுத்து, அரை மணி நேரத்தில் திரும்பி வந்து கதவைத் தட்டினார். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் அடிக்கிற ஆளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.